விதை முளைக்க எவ்வளவு சூடு வேண்டும்? செனாவாங் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

இணைய அங்காடிகளில் விதைகளுக்கான வெப்ப விரிப்பு என்ற பொருள் விற்பனையாகிறது. மின்சாரத்தில் மெல்லச் சூடேறும் பாய் அது. அதன்மேல் நாற்றுத் தட்டை வைத்தால் மிளகாய், தக்காளி, கத்தரி விதைகள் வழக்கத்தைவிடப் பாதி நாள்களில் முளைத்துவிடும் என்பது விளம்பரம்.

விளம்பரம் சொல்வது பொய்யல்ல. வீட்டுக்குள் 18 பாகை செல்சியஸ் இருக்கும் குளிர்நாடுகளில் அது உண்மை. செனாவாங்கில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் அதை வாங்கலாமா என்று கேட்டால், பதில் வேண்டாம் என்பதுதான். பணம் வீண் என்பதோடு, பல விதைகளுக்கு அது கெடுதலும்கூட.

இது சின்ன விஷயம்போலத் தோன்றலாம். செனாவாங் ரப்பர்த் தோட்டமாக இருந்த காலத்தில் லயத்து வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருந்தது. பாகல் பந்தலும் முருங்கையும் கறிவேப்பிலையும் அங்கே வளர்ந்தன. இன்று தோட்டம் இருந்த இடத்தில் தொழிற்பேட்டையும் தாமான்களும் நிற்கின்றன. அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கு வாய்ப்பது பால்கனியில் ஐந்தாறு சட்டிகள். இடம் சுருங்கியபோது விதையின் மதிப்பு கூடிவிட்டது. பாட்டி காலத்திலிருந்து ஆண்டுதோறும் எடுத்து வைத்த கத்தரி விதை பத்துதான் மிச்சம் இருக்கிறது என்றால், அந்தப் பத்தும் முளைக்காமல் போகும்போது அந்த ரகமே அந்தக் குடும்பத்தை விட்டுப் போய்விடுகிறது. கடையில் வேறு கத்தரி விதை கிடைக்கும். அந்தக் கத்தரி கிடைக்காது.

சூடு விதைக்குள் என்ன செய்கிறது

காய்ந்த விதை முதலில் தண்ணீரை உறிஞ்சிப் பருக்கிறது. இதற்குச் சூடு அவ்வளவாகத் தேவையில்லை. தண்ணீர் உள்ளே போனபின் நொதிகள் வேலையைத் தொடங்குகின்றன. விதையில் சேர்ந்திருக்கும் மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைத்துக் கருவுக்கு ஊட்டுவது அவைதாம். அவை எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதைச் சூடு முடிவு செய்கிறது. குளிரில் மந்தமாகவும் வெதுவெதுப்பில் சுறுசுறுப்பாகவும் இயங்கும். சூடு எல்லை மீறினால் நொதிகளும் கருவின் புரதங்களும் கெட்டுவிடும்.

காய்கறி விதைகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் முளைக்க வைத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹாரிங்டன் தொகுத்த கணக்கு உலகம் முழுவதும் தோட்டக்காரர்கள் பயன்படுத்தும் அட்டவணையாக இன்றும் இருக்கிறது. மிளகாய் 15 பாகையில் முளைக்க ஏறத்தாழ 25 நாள் எடுக்கிறது. 20 பாகையில் 12 அல்லது 13 நாள். 30 பாகையில் 8 நாளுக்கும் குறைவு. தக்காளி 15 பாகையில் இரண்டு வாரம், 25 முதல் 30 பாகையில் ஆறு நாள். வெண்டை 20 பாகையில் 17 நாள் தூங்கும், 30 பாகையில் ஒரே வாரத்தில் எழும்.

குளிர்நாட்டுக்காரர் ஏன் விரிப்பு வாங்குகிறார் என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. அவருடைய வீட்டில் மிளகாய்க்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். ஈர மண்ணில் அத்தனை நாள் கிடக்கும் விதை முளைப்பதற்குள் அழுகவும் செய்யலாம்.

அதே அட்டவணையை மறுபக்கமும் படிக்க வேண்டும். தக்காளிக்கு 30 பாகையில் ஆறு நாள் என்றால் 35 பாகையில் ஒன்பது நாள். சூடு கூடக் கூட நாள் குறைந்துகொண்டே போவதில்லை. ஒரு கட்டத்துக்குப் பிறகு திரும்பிவிடுகிறது.

செனாவாங் போன்ற தாழ்நிலப் பகுதிகளில் பகல் வெப்பநிலை 31 முதல் 33 பாகை, இரவில் 23, 24 பாகை. வீட்டுக்குள் பகலில் 30 பாகை சாதாரணம். வெப்ப விரிப்புகள் பொதுவாகச் சுற்றுப்புறத்தைவிட 5 முதல் 10 பாகை வரை கூட்டும். கூட்டிப் பார்த்தால் 35 முதல் 40 பாகை. மிளகாய் தாக்குப்பிடிக்கலாம், வெண்டைக்கும் வெள்ளரிக்கும் 35 பாகை பிடிக்கும். தக்காளி தடுமாறும். தட்டு விரைவில் காய்ந்தும் போகும். முளைவிடத் தொடங்கிய விதை ஒருமுறை காய்ந்தால் அதன் கதை பெரும்பாலும் அதோடு முடிந்தது.

தமிழில் சூட்டுக்குச் சொற்கள் நிறைய உண்டு. வெயில், வெக்கை, வெதுவெதுப்பு, இளஞ்சூடு, புழுக்கம் எல்லாம் ஒன்றல்ல. முளைக்கப்போகும் விதைக்கு ஏற்ற நிலையைச் சொல்லப் புழுக்கம்தான் பொருத்தமான சொல். ஈரமும் சூடும் வெளியேறாமல் ஒன்றாக அடைபட்டிருக்கும் நிலை அது. மழைக்கு முந்திய பிற்பகலில் மனிதர்களுக்குப் பிடிக்காத அந்தப் புழுக்கம் பெரும்பாலான விதைகளுக்குப் பிடிக்கும். செனாவாங்கில் அதற்குப் பஞ்சமில்லை.

வீட்டுக்குள் சூடேற்றி முளைத்த ரப்பர்

சூடேற்றிய கூரைக்குக் கீழே விதை முளைக்க வைப்பது இந்த நாட்டுத் தமிழர்களின் வரலாற்றோடு தொடர்பில்லாத செய்தி அல்ல. தமிழர்கள் பால் வெட்டிய ரப்பர் மரங்களின் மூதாதைகள் அப்படி முளைத்தவைதாம்.

1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசான் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஜூன் மாத நடுவில் அவை லண்டனை ஒட்டிய கியூ தாவரவியல் பூங்காவை அடைந்தன. அமேசான் மரத்தின் விதை இங்கிலாந்தின் கோடையில்கூடத் திறந்த வெளியில் பிழைக்காது. எனவே வெப்பமண்டலச் செடிகளுக்காகச் சூடேற்றி வைத்திருக்கும் கண்ணாடி வீட்டில் இடம் ஒதுக்கி உடனடியாக விதைத்தார்கள். நான்கு நாளில் முதல் முளைகள் தெரிந்தன. ஜூலை தொடக்கத்தில் கணக்கெடுத்தபோது முளைத்திருந்தவை ஏறத்தாழ 2,700. நூற்றுக்கு நான்குகூட இல்லை.

இந்தத் தோல்விக்குச் சூடு குறைந்தது காரணமல்ல. ரப்பர் விதை எண்ணெய்ச் சத்தும் ஈரமும் நிறைந்தது, காய வைத்துச் சேமிக்க முடியாதது. மரத்திலிருந்து விழுந்த சில வாரங்களில் உயிர் போய்விடும். கடல் பயணத்திலேயே பெரும்பாலானவை செத்துவிட்டன. கியூவின் கண்ணாடி வீடு எவ்வளவு கதகதப்பாக இருந்தும் செத்த விதையை எழுப்ப முடியவில்லை.

முளைத்தவற்றில் 1,900-க்கும் மேற்பட்ட கன்றுகள் அதே ஆண்டு ஆகஸ்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அடுத்த ஆண்டு, 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களும், அவற்றை நம்பிக் கப்பலேறிய தமிழர்களின் வாழ்வும் இந்தச் சில கன்றுகளில்தான் தொடங்கின.

இங்கே வந்தபின் ரப்பருக்குக் கண்ணாடி வீடு தேவைப்படவில்லை. தோட்டங்களில் விதை விழும் பருவத்தில் கொட்டைகளைப் பொறுக்கி, உடனே மணல் அல்லது மரத்தூள் பாத்தியில் பதித்து, மேலே நிழல் போட்டு நீர் தெளித்தார்கள். ஒரு வாரம், பத்து நாளில் முளை வரும். இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகும் முளைக்காததைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அங்கே பார்த்துப் பார்த்துச் செய்த வேலை வெயில் படாமல் மறைப்பதுதான். அதே கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்துப் பையன் கையில் வைத்த குறும்பு தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். விதைக்கு அந்தச் சூடு ஆகாது.

செம்பனைக்கு மட்டும் சூட்டறை

நெகிரி செம்பிலான் தோட்டங்கள் பலவற்றில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். நாற்பது பாகைச் சூட்டை உண்மையிலேயே கேட்கும் விதை இந்தச் செம்பனை விதைதான். மேற்கு ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட இந்த மரம் 1917-இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகப் பயிராக நடப்பட்டது. அதன் விதையைச் சும்மா மண்ணில் போட்டால் ஒன்றிரண்டு முளைக்கும். மற்றவை மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். செம்பனைக்கு அடியில் தானாக முளைத்த கன்றுகளைப் பார்த்திருப்போம். விழுந்த கொட்டைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

கெட்டியான ஓட்டுக்குள் ஆழ்ந்து உறங்கும் இந்த விதையை எழுப்ப நீண்ட நாள் சூடு தேவை என்பதை ஆய்வாளர்கள் படிப்படியாகக் கண்டறிந்தார்கள். வெப்பம், ஈரம், உயிர்வளி ஆகியவை செம்பனை விதையின் முளைப்பில் வகிக்கும் பங்கை விரிவாக ஆராய்ந்த ஹஸ்ஸி என்பவரின் கட்டுரை 1958-இல் வெளிவந்தது.

இன்றைய விதை நிலையங்களில் நடப்பது இதுதான். சதையை நீக்கிய கொட்டைகளை ஊற வைத்து, ஈரப்பதம் நூற்றுக்கு 17, 18 அளவுக்கு வரும்படி உலர்த்துகிறார்கள். பிறகு தடித்த பிளாஸ்டிக் பைகளில் கட்டி, 39 அல்லது 40 பாகையில் வைத்திருக்கும் சூட்டறையில் 40 முதல் 60 நாள் அடுக்கி வைக்கிறார்கள். இடையிடையே பையைத் திறந்து காற்று விடுவார்கள், ஈரம் பார்ப்பார்கள். இந்த நாள்களில் விதை முளைப்பதில்லை. உறக்கம் மட்டும் கலைகிறது. அதன்பின் சில நாள் தண்ணீரில் ஊற வைத்து, தினமும் நீரை மாற்றி, ஈரப்பதத்தை நூற்றுக்கு 21, 22-க்கு மேல் கொண்டுவந்து, சாதாரண அறைச் சூட்டில் வைக்கிறார்கள். பத்து நாள் வாக்கில் வெள்ளை முளைகள் எட்டிப் பார்க்கும். தண்டும் வேரும் எது எது என்று தெரியும் நிலைக்கு வந்தவற்றைக் கையால் பொறுக்கித் தோட்டங்களுக்கு அனுப்புகிறார்கள். நர்சரியில் கறுப்புப் பாலித்தீன் பையில் நடுவதற்காகத் தோட்டத் தொழிலாளி கையில் எடுப்பது ஏற்கெனவே முளைத்த இந்தக் கொட்டையைத்தான்.

சூட்டறையில் சில பாகை கூடினால் கரு செத்துவிடும். குறைந்தால் உறக்கம் கலையாது. வெப்பமானியும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லாமல் இது நடக்காது. வீட்டில் முயன்று பார்க்கும் வேலையல்ல. செம்பனை விதை உற்பத்திக்கும் விற்பனைக்கும் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் வேண்டும்.

வெப்பமண்டலத்து விதை என்றால் எல்லாமே நல்ல சூட்டைக் கேட்கும் என்ற எண்ணம் எப்படித் தவறு என்பதற்கு ரப்பரும் செம்பனையும் போதும். ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்து வளர்ந்த இரண்டு மரங்கள். ஒன்றின் விதைக்கு நிழல், மற்றதன் விதைக்கு இரண்டு மாதச் சூட்டறை.

சமையலறை அலமாரிதான் எதிரி

வீட்டுத் தோட்டத்துக்குத் திரும்புவோம். செனாவாங்கில் விதை முளைக்கவில்லை என்றால் குளிர் காரணமாக இருக்கப் பெரும்பாலும் வாய்ப்பில்லை. விதைக்கும் முன்பே அது செத்துப்போயிருக்கலாம். அதைக் கொன்றது இந்த ஊரின் அதே சூடும் ஈரமும்தான்.

மேலே சொன்ன ஹாரிங்டனின் பெயரில் ஒரு கணக்கு வழங்குகிறது. சேமித்து வைத்த விதையின் ஈரப்பதம் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் அதன் ஆயுள் இரண்டு மடங்காகும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பநிலை 5 பாகை குறைந்தாலும் ஆயுள் இரண்டு மடங்காகும். துல்லியமான விதி அல்ல, தோராயக் கணக்கு. ஆனால் மிகவும் பயனுள்ளது. 30 பாகை இருக்கும் சமையலறை அலமாரியையும் 5 பாகை இருக்கும் குளிர்பதனப் பெட்டியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இடைவெளி 25 பாகை. ஐந்து முறை இரட்டித்தால் 32 மடங்கு. அடுப்புக்கு மேலே கண்ணாடி ஜாடியில் மிளகாய் விதையை வைத்துவிட்டு, மறு ஆண்டு முளைக்கவில்லையே என்று வெப்ப விரிப்பு வாங்கினால் என்ன பயன்?

வழி எளிது. நன்றாகப் பழுத்த பழத்திலிருந்து எடுத்த விதையைக் கழுவி, வெயிலில் நேரடியாகப் போடாமல் காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் காய வைக்கலாம். மழைக்காலத்தில் இது தானாகக் காயாது. காற்றிலேயே ஈரம் இருப்பதால் விதை அந்த ஈரத்தோடு சமநிலைக்கு வந்து நின்றுவிடும். மருந்துப் புட்டிகளில் வரும் சிலிகா பொட்டலங்களையோ, வறுத்து ஆறவைத்த அரிசியையோ விதையோடு ஒரு மூடிய புட்டியில் போட்டு வைத்தால் மீதி ஈரத்தை அவை இழுத்துக்கொள்ளும். பிறகு பெயரும் ஆண்டும் எழுதி ஒட்டி, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிடலாம். எடுக்கும்போது புட்டி அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்கக்கூடாது. குளிர்ந்த விதையின்மேல் காற்றின் ஈரம் வியர்வைபோலப் படிந்துவிடும்.

எல்லா விதையையும் இப்படி வைக்க முடியாது. ரப்பரைப் போலவே மா, பலா, துரியான், கொக்கோ ஆகியவையும் காயவும் குளிரவும் பொறுக்காதவை. கறிவேப்பிலைப் பழத்தின் விதையும் அந்தச் சாதிதான். பழுத்த கையோடு சதையை நீக்கி ஊன்றிவிட வேண்டும். உறவினர் கொடுத்த கறிவேப்பிலை விதையை ஒரு மாதம் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டு நட்டால் ஏமாற்றம்தான்.

சந்தேகமுள்ள விதையை மண்ணில் போட்டு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. பத்து விதைகளை ஈரமான மெல்லிய தாளில் பரப்பிச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அறையின் நிழலான மூலையில் வைத்துத் தினமும் திறந்து பார்க்கலாம். வெண்டை, வெள்ளரி, கீரை என்றால் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். மிளகாய், கத்தரிக்குப் பத்து நாள் வரை கொடுக்கலாம். பத்தில் ஏழு முளைத்தால் நல்ல விதை. மூன்றுதான் முளைத்தது என்றால் அடர்த்தியாக விதைத்துக்கொள்ளலாம். முளைத்தவற்றை வீணாக்காமல் மெதுவாக எடுத்து அப்படியே நடலாம். பாட்டியின் கத்தரி போல பத்தே விதை இருக்கும் வீட்டில் சோதனையும் விதைப்பும் இந்த ஒரே தாளில் நடந்துவிடும்.

துணி முடிச்சும் முளைப்பாரியும்

ஈரத் துணியில் முடிந்து விதையை முளைகட்டுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டு நெல் விவசாயி விதைநெல்லை ஒருநாள் ஊற வைத்து, வடித்துச் சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு இன்னொரு நாள் வைப்பார். அதற்குள் முளை கட்டியிருக்கும். வெளியிலிருந்து யாரும் சூடு கொடுப்பதில்லை. மூச்சுவிடும் விதைகள் தாமே வெளியிடும் சூடு, மூட்டைக்குள் அடைபட்டு அவற்றையே எழுப்புகிறது. கையை உள்ளே விட்டால் சுடும். சூடு மிஞ்சிப்போகாமல் இருக்க இடையில் தண்ணீர் தெளித்துப் புரட்டிவிடுவார்கள். சந்தையில் தாவ்கே விற்பவர்கள் பச்சைப்பயற்றுக்கு அடிக்கடி நீர் விடுவதற்கும் அதுதான் காரணம்.

பாகல், புடலை, பீர்க்கு போன்ற தடித்த ஓட்டு விதைகளுக்கு வீட்டில் துணி முடிச்சு போதும். கூரான முனையோரத்தை நகவெட்டியால் இலேசாக நறுக்கி, இளஞ்சூட்டு நீரில் ஓர் இரவு ஊற வைத்து, பிழிந்த துணியில் முடிந்து மூடிய டப்பாவில் வைத்தால் சில நாள்களில் வெள்ளை முனை தெரியும். துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்கக்கூடாது. நீரில் மூழ்கிய விதைக்கு மூச்சு கிடைக்காது.

சுண்டைக்காய் விதை மட்டும் பிடிவாதக்காரன். ஒரே சீரான சூட்டில் வைத்தால் முளைக்க மறுக்கும். பகல் சூடும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறி வந்தால்தான் ஒத்துக்கொள்ளும். விதைச் சோதனைக் கூடங்களில் கத்தரிக்கும் மிளகாய்க்கும்கூட ஒரு நாளில் 20 பாகையும் 30 பாகையும் மாற்றி மாற்றித் தருவது வழக்கம். வாசல் ஓரத்து நிழலில் வைத்த தட்டுக்கு இந்த ஏற்ற இறக்கம் ஓரளவு இலவசமாகக் கிடைக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் விரிப்பில் வைத்தால் அது போய்விடும்.

அம்மன் கோயில் திருவிழாவுக்கு வளர்க்கும் முளைப்பாரியும் வீட்டுக்குள் விதை முளைக்க வைக்கும் கலைதான். தானியங்களைச் சட்டியில் விதைத்து, வெளிச்சம் புகாத அறையில் வைத்து நீர் தெளித்து வருவார்கள். அடைத்த அறையின் புழுக்கத்தில் முளைகள் மளமளவென்று உயரும், ஆனால் வெளிறிய மஞ்சளாக இருக்கும். சடங்குக்கு அந்த நிறமும் உயரமும் அழகு. தோட்டத்துக்கு அதே தோற்றம் ஆபத்தின் அறிகுறி. சூடு இருந்து வெளிச்சம் இல்லாவிட்டால் நாற்று எப்படியாகும் என்பதை முளைப்பாரி வளர்த்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குளிர்ச்சி கேட்பவை

சூட்டைக் கூட்ட நினைக்கும் வேளையில், குறைக்க வேண்டிய விதைகள் மறந்துபோகின்றன. சலாட் கீரை விதை 25 பாகையில் இரண்டு மூன்று நாளில் முளைக்கும். 35 பாகையில் முளைப்பதே இல்லை. சாகவில்லை, சூட்டைக் கண்டு மறுபடி உறங்கிவிடுகிறது. விதைத்த தட்டை மூடி ஓரிரு நாள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும். கொத்தமல்லியும் 20 பாகையை ஒட்டிய குளிர்ச்சியை விரும்பும். மல்லியை இரண்டாகப் பிளந்து ஊற வைத்து, வீட்டின் குளிர்ந்த மூலையில் விதைப்பது நல்லது. தண்டுக்கீரை, கங்கோங், காராமணி ஆகியவற்றுக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

அப்படியானால் சூடு கொடுக்க வேண்டிய நேரமே இல்லையா? உண்டு. இரவு முழுவதும் குளிர்சாதனம் ஓடும் அறையில் தட்டு இருந்தால் மிளகாய் தாமதமாகும். தட்டை அங்கிருந்து எடுத்துவிட்டால் போதும். ஆண்டு இறுதியில் நாள்கணக்கில் மழை பெய்யும்போது வீடு குளிர்ந்து மண் காயாமல் இருக்கும். அப்போது மூடியுள்ள டப்பாவில் தட்டை வைத்து, பக்கத்தில் வெந்நீர் நிரப்பிய புட்டி ஒன்றை இரவில் வைக்கலாம். குளிர்பதனப் பெட்டியின் மேற்புறமும் இளஞ்சூடாக இருக்கும். சோறு வேகும் மின்பானையின் மேல் வைக்கக்கூடாது, அந்தச் சூடு விதையை வேக வைத்துவிடும். சாமி விளக்குக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் டப்பாவை வைப்பது விதைக்கும் வீட்டுக்கும் ஆகாது. கேமரன் மலையில் இருக்கும் உறவினர்களுக்கு வேண்டுமானால் விரிப்பைப் பரிந்துரைக்கலாம். அங்கே இரவு வெப்பநிலை 15, 16 பாகைக்கு இறங்கும்.

செனாவாங் வீட்டுக்குப் பணம் செலவழித்து வாங்க வேண்டிய கருவி ஒன்று உண்டு. மீன் தொட்டியில் வைக்கும் சிறு வெப்பமானி. அலங்கார மீன் கடையில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். அதை மண்ணில் ஓர் அங்குலம் செருகிப் பிற்பகல் இரண்டு மணிக்குப் பார்த்தால் பலருக்கும் ஆச்சரியம் காத்திருக்கிறது. சிமெண்டுத் தரையில் வெயில்பட வைத்த கறுப்புப் பையின் மண் 40 பாகையைத் தாண்டியிருக்கும். தகரக் கூரைக்கு நேர்கீழே தொங்கவிட்ட தட்டும் அப்படித்தான். கறுப்புப் பையை வெள்ளைத் துணியால் சுற்றுவது, தரைக்கும் தட்டுக்கும் இடையே இரண்டு செங்கல் வைப்பது, காலை வெயில் மட்டும் படும் பக்கத்துக்கு நகர்த்துவது, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று சூட்டை இறக்கிவிடும்.

இந்தியாவிலிருந்து விதை கொண்டுவருகிறவர்களுக்கும் ஒரு செய்தி. 1976-ஆம் ஆண்டு தாவரத் தொற்றுத்தடைச் சட்டத்தின்கீழ் விதைகளை இறக்குமதி செய்ய அனுமதி பெற வேண்டும். பயணப் பெட்டியில் நாலு விதைதானே என்ற எண்ணம் விமான நிலையத்தில் செல்லாது. ரப்பர் நாடான மலேசியா செடி நோய்களைப் பற்றி இவ்வளவு எச்சரிக்கையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தென் அமெரிக்காவில் ரப்பர் தோட்டங்களை அழித்த இலைக்கருகல் நோய் இன்னும் இங்கே வரவில்லை.

முளை மண்ணுக்கு மேல் தலைகாட்டிய அன்றே கவனிப்பு மாற வேண்டும். மூடியை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். புழுக்கம் விதைக்கு நல்லது, நாற்றுக்கு நல்லதல்ல. காற்றோட்டமில்லாத ஈரச் சூட்டில் பூஞ்சணம் தாக்கி, நாற்றின் அடித்தண்டு நூல்போல மெலிந்து ஒரே இரவில் சாய்ந்துவிடும். தண்ணீரை மேலே ஊற்றாமல் தட்டின் அடியில் விட்டு மண் உறிஞ்சியதும் மீதியை வடித்துவிடலாம். முதல் மூன்று நான்கு நாளுக்குக் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு, மூன்று மணி நேரம் என்று கூட்டிக்கொண்டு போகலாம். இரண்டு உண்மையான இலைகள் விரிந்ததும் மாலை வேளையில் சட்டிக்கு மாற்றி, மறுநாள் முழுக்க நிழலில் வைத்திருந்தால் வாடாது.